கல் இன்னும் குடிக்கிறது என்றேன்

பரிசோதனை மேசையில் என் இடத்துக்கு வரப்போகிறவர்களுக்கு,

ஓய்வு பெற்றுப் போகிறவர்கள்தான் வழக்கமாக இப்படி எழுதுவார்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. அடுத்த மாதம் முதல் எண்ணெய் வயலிலேயே வேலை கிடைத்திருக்கிறது, அதனால் போகிறேன். போவதற்குமுன் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சார் சொன்னார். கருவியை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பெருமைப்படும்படியான சம்பவங்களும் சில உண்டு. அவற்றை நீங்கள் எப்படியும் கேள்விப்பட்டிருப்பீர்கள், நானே போதுமான அளவு சொல்லிவைத்திருக்கிறேன். இது அந்த வகையில் சேராது.

என்னைப்பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது ஏன் என்று புரியாது. இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரையில் எங்கள் வீடு. அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். தன் பெயரை எழுதுவார், அதற்குமேல் எழுத்து வராது. அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் இரு பக்கத்துக் குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெட்ரோலியப் பொறியியல் படித்து முடித்தபோது, வளைகுடாவில் பல வருடம் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்துத் திரும்பிய சார், நாகர்கோவிலுக்கு வெளியே இந்தச் சோதனைக்கூடத்தைத் தொடங்கியிருந்தார். அவரிடம் சேர்ந்த முதல் ஆளும் நான்தான். இந்த இரண்டு ‘முதல்’களும் சேர்ந்து என் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தியே வைத்திருந்தன.

நாங்கள் செய்வது என்ன என்று வீட்டில் புரியவைக்க எனக்கு நாளாயிற்று. பூமிக்கு அடியில் சில பாறைகள் மிகவும் இறுக்கமானவை. எண்ணெய் அவற்றின் நுண்ணிய துளைகளில் இருக்கும், ஆனால் வெளியே வராது. தண்ணீரை அழுத்தித் தள்ளலாம் என்றால் தண்ணீரே உள்ளே நுழையாது. கார்பன் டை ஆக்சைடு நுழையும். அதை அழுத்தி உள்ளே செலுத்தி, கிணற்றை மூடி, ஊறவிட வேண்டும். வாயு எண்ணெயில் கரைந்து அதை உப்பவைக்கும், இளக்கும். பிறகு மெதுவாகத் திறந்தால் எண்ணெய் வரும். கிணற்றில் அதைச் செய்வதற்குமுன் அந்தக் கிணற்றிலிருந்தே எடுத்த விரல் நீளக் கல்லில் நாங்கள் செய்து பார்க்கிறோம்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, மீன் விற்கிறவர். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது சோடாவில் அடைக்கிற வாயுதானே என்றார். அதேதான் என்றேன்.

“அப்பம் நீ கல்லுக்கு சோடா வாங்கிக் குடுக்கியா?”

அன்றிலிருந்து எங்கள் கரையில் என் வேலையின் பெயர் அதுதான். சிரித்துக்கொண்டேன், ஆனால் உள்ளுக்குள் உறுத்தியது. ஒருநாள் எல்லாரையும் கூட்டி வந்து கல்லிலிருந்து எண்ணெய் வருவதைக் காட்ட வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. சார் இப்போது நீங்கள் வேலை செய்யும் இந்தப் புதிய கூடத்தைக் கட்டி முடித்திருந்தார். உயர் அழுத்தக் கருவியும் புதிது. நம் பக்கத்தில் புது வள்ளமோ புது வீடோ ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் பயன்பாட்டுக்கு வராது. கருவிக்கும் அப்படித்தான் என்றார் சார். மந்திரிப்பு முடிந்ததும் வால்வைத் திறந்து, எல்லார் கண்முன்னாலும் முதல் சொட்டு எண்ணெயை எடுப்பது அவர் திட்டம். நான் என் வீட்டாரை அழைத்தேன். அவர்கள் வேன் பிடித்து வருவதாகச் சொன்னார்கள்.

கருவிக்குள் இருந்த கல் சாதாரணமானதல்ல. வடக்கே ஒரு வயலில், தண்ணீர் செலுத்திப் பலனில்லாமல் போன ஒரு கிணறு. அதை மூடிவிடலாம் என்று அந்த நிறுவனத்தில் எல்லாரும் சொன்னபோது, ஒரே ஒரு மூத்த பொறியாளர் மட்டும் வாயுவைச் செலுத்திப் பார்க்கலாம் என்று வாதாடியிருக்கிறார். அவர் பக்கம் நிற்க ஒரு சோதனை முடிவு வேண்டும். அந்தக் கிணற்றின் அந்த ஆழத்துக் கற்களில் மற்றவை உடைந்தும் செலவாகியும் போக, எண்ணெய் காயாமல் மெழுகு பூசி அவர் பத்திரமாக வைத்திருந்த ஒரே துண்டு மிச்சம். அதைக் கூரியரில் அனுப்ப மனமில்லாமல் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஊறல் முடியும்வரை நாகர்கோவிலிலேயே தங்கியிருந்தார். அந்தக் கல்லை என் கையில் கொடுத்தார்கள். சோதனை முழுக்க என் பொறுப்பு.

ஊறல் தொடங்கியதும் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. இறங்கத்தான் வேண்டும். வாயு கல்லுக்குள் போகிறது, எண்ணெயில் கரைகிறது. அழுத்தம் இறங்குவது நின்றால் கல்லுக்குப் போதும் என்று அர்த்தம். அப்போதுதான் திறக்க வேண்டும்.

திறப்பு விழா நாள் காலையிலும் அது இறங்கிக்கொண்டேயிருந்தது. சார் திரையைப் பார்த்துவிட்டு, “சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தியாம்மா?” என்று கேட்டார்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற கேள்வி அது. இந்தத் தொழிலில் ஒரு நாளைக்குப் பத்து முறை யாராவது யாரிடமாவது கேட்பது. எனக்கு அது சுருக்கென்று இருந்தது. முதல் நாளே பார்த்துவிட்டேன் என்றேன். பொய் இல்லை. ஆனால் நான் பார்த்தது நைட்ரஜனை அடைத்து. கார்பன் டை ஆக்சைடு வால்வின் ரப்பர் வளையத்துக்குள்ளேயே புகுந்து அதை ஊதவைக்கும். நைட்ரஜனை நிறுத்துகிற வளையம் இதை நிறுத்தும் என்று நம்ப முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, தேர்வில் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்முன்னால் இருந்தது. கல் குடிக்கும்போது முதலில் வேகமாகக் குடிக்கும், போகப்போக நிதானமாகும். திரையில் கோடு வளையும். என் கோடு வளையவில்லை. மேசையில் அளவுகோலை வைத்து இழுத்ததுபோல் நேராக இறங்கியது. மிகவும் இறுக்கமான கல், அதனால் நேரமெடுக்கிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். படித்தவளுக்குக் காரணம் கண்டுபிடிப்பதா கஷ்டம்.

கூடம் நிரம்பிவிட்டது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அம்மா பட்டுச் சேலையில் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பா உட்காரவேயில்லை, சுவரோரம் கைகட்டி நின்றார். ஏ.சி. குளிருக்கு அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கல் எங்கே, கல் எங்கே என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மந்திரிப்பு முடிந்ததும் திறந்துவிடலாமா என்று கேட்டார். நான் முடியாது என்றேன். கல் இன்னும் குடிக்கிறது, இப்போது திறந்தால் வெறும் வாயுதான் வரும், விழாவுக்காகச் சோதனையைக் கெடுக்க மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், முன்வரிசை திரும்பிப் பார்த்தது. வடக்கேயிருந்து வந்த பொறியாளருக்கு நான் சொன்னதை சார் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். காத்திருக்கத் தெரிந்த பெண் என்று பாராட்டியதாக சார் பிறகு சொன்னார்.

அதன்பின் சார் செய்ததை நினைத்தால்தான் இன்றும் எனக்குக் கூசுகிறது. அவர் கோபப்பட்டிருக்கலாம். வந்திருப்பவர்களிடம் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று சமாளித்திருக்கலாம். அவர் கூட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

“இன்னைக்கு எண்ணெய் வராது. இந்தப் பிள்ள வேண்டாம்னு சொல்லுது, கல்லு இன்னும் குடிக்குதாம். இது அவளுக்க வேலை. அவ சொன்னா சொன்னதுதான்.”

கூட்டம் கைதட்டியது. அத்தை அம்மாவின் தொடையில் தட்டி, “பாத்தியா, மொதலாளியையே நிறுத்திப் போட்டா,” என்றார். நான் கருவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவ்வளவு நிமிர்ந்து நான் எங்கும் நின்றதில்லை.

ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்து, தீர்த்தச் செம்போடு கருவியைச் சுற்றி வந்தார். மின்சாரம் ஓடுகிற இடங்களில் தண்ணீர் பட்டுவிடக்கூடாது என்று சார் திரையையும் பொத்தான்களையும் பிளாஸ்டிக் உறையால் மூடியிருந்தார். கல் இருக்கும் உருளை சூட்டுப்பெட்டிக்குள் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். வெளியே இருப்பது குழாயும் வால்வும்தான். ஃபாதர் அவற்றின்மேல் தாராளமாகவே தெளித்தார். வால்வின் கழுத்தைச் சுற்றி நீர் தேங்கியது.

தேங்கிய நீரில் ஒரு குமிழ் எழுந்தது. அது உடைந்ததும் அடுத்தது. பிறகு வரிசையாக.

கல் குடிக்கவில்லை. வால்வு கசிந்துகொண்டிருந்தது. அறையில் இருந்தவர்களுக்கு ஆபத்தில்லை, கருவிக்குள் இருக்கும் வாயுவின் அளவு அவ்வளவு குறைவு. ஆபத்து கல்லுக்குத்தான். வாயுவும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்து நிற்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. அதற்குக் கீழே போய்விட்டால் இரண்டும் பிரிந்துவிடும். மறுபடி அழுத்தத்தை ஏற்றினாலும் அது வேறு சோதனை, அந்தக் கிணற்றின் சோதனை அல்ல. காலையில் பார்த்தபோது அந்த எல்லைக்கு மேலே கொஞ்சம் மிச்சம் இருந்தது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். சூட்டுப்பெட்டியின் கதவைத் திறந்து, உருளையை ஒட்டியிருக்கும் உள்வால்வை மூட வேண்டும். கையால் ஒரு திருப்பு. கல் தப்பிவிடும். ஆனால் ஊறல் நடக்கும்போது அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. நான் திறந்தால் வாசல் பக்கம் நின்றிருந்த பொறியாளருக்கு அந்த நொடியே புரிந்துவிடும். சாருக்கும் புரியும். சற்றுமுன் இவ்வளவு பேர் கைதட்டியது எதற்கு என்றும் ஆகிவிடும்.

ஃபாதர் எங்கள் பங்குக் கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறவர். குனிந்து பார்த்தார்.

“ஏம்மா, இது பஞ்சர் பாக்கிய மாதிரில்லா இருக்கு?”

மெல்லத்தான் கேட்டார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

“இல்ல ஃபாதர். தண்ணி பட்டா அப்படித்தான் இருக்கும்.”

சொல்லிக்கொண்டே துப்பட்டா நுனியால் வால்வின் கழுத்தைத் துடைத்தேன். தீர்த்தம் ஏந்தி நிற்கும் ஒருவரிடம் பொய் சொல்லி, அவர் தெளித்ததையே துடைத்தேன். குமிழ்கள் மறைந்தன. எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருந்தது. ஃபாதர் அடுத்த பக்கம் போய்விட்டார்.

பிறகு கேக் வெட்டினார்கள். சார் பேசினார். அதன்பின் படம் எடுத்தார்கள். முதலில் சாரின் குடும்பம், பிறகு என் குடும்பம், பிறகு எல்லாருமாக. ஒவ்வொரு படத்திலும் நான் வால்வை மறைத்துக்கொண்டு நின்றேன். படம் முடிந்ததும் கூட்டம் சாப்பாட்டுக்குப் போகும், அப்போது கதவைத் திறந்து மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். அத்தை இன்னொன்று எடுக்கச் சொன்னார். கேமராக்காரருக்கு வெளிச்சம் போதவில்லை. எங்களை இடம் மாற்றி நிற்கச் சொன்னார்.

பொறுக்க முடியாமல் திரையின்மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் பார்த்தேன். எல்லையைத் தாண்டிக் கீழே போயிருந்தது. தாண்டிய நேரத்தைக் கருவியே பதிந்து வைத்திருந்தது. கேக் வெட்டிய பிறகு.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் கவனிக்காதது அறியாமை, அவசரம், திமிர், எதுவாகவும் இருக்கட்டும். அதனால் மட்டும் அந்தக் கல் போகவில்லை. குமிழைப் பார்த்தபின்னும் காப்பாற்ற நேரம் இருந்தது. அந்த நேரத்தை நான் படத்துக்கு நின்று செலவழித்தேன்.

பொறியாளரிடம் போனேன். அவர் காகிதத் தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு என் அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா மொழி புரியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் அத்தையும் பக்கத்தில் வந்து நின்றார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வால்வில் கசிவு இருக்கிறது, ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும், நான் அதை ஊறல் என்று நினைத்துவிட்டேன், அழுத்தம் எல்லைக்குக் கீழே போய்விட்டது, கல் இனிப் பயன்படாது. தடுமாறாமல் சொன்னேன். ஆங்கிலம் அவருக்காக மட்டும் அல்ல. அது என் வீட்டாருக்குப் புரியாது என்பதற்காகவும்தான்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். எப்போது பார்த்தாய் என்று கேட்டார். ஃபாதர் தண்ணீர் தெளித்தபோது என்றேன். படம் எடுப்பதற்கு முன்பா என்றார். ஆமாம் என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் என் அத்தை அம்மாவின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. “என்னா பேச்சு பேசுதா பாரு. அந்த ஆளுக்கு வாயே தெறக்க முடியல.” அம்மாவின் கண் நிறைந்திருந்தது. அப்பா என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பது அபூர்வம். நானும் சிரித்தேன்.

சாரிடம் பொறியாளரே சொன்னார். சார் கருவியிடம் போய், சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார், நுரைத்ததைப் பார்த்தார், பந்திக்குப் பரிமாறப் போய்விட்டார். எல்லாரும் போனபின் நாங்கள் மூவரும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். கொஞ்சம் எண்ணெய் வரத்தான் செய்தது. அளந்தால் ஒரு எண்ணும் கிடைத்தது. அதை அறிக்கையில் போடாதீர்கள் என்றார் பொறியாளர். தன் வாதத்துக்கு உதவக்கூடிய எண் அது. இருந்தும் போடாதீர்கள் என்றார். கல்லைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கிணற்றை மூடிவிட்டதாக சில மாதங்கள் கழித்து சாருக்குத் தகவல் வந்தது. வாயு செலுத்தியிருந்தால் அது எண்ணெய் கொடுத்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி என் மேசையில் இருந்தது.

ஆகவே சில விஷயங்கள். எந்த வாயுவைச் செலுத்தப் போகிறீர்களோ அதே வாயுவால் கசிவைப் பாருங்கள். நேராக இறங்குகிற கோட்டை நம்பாதீர்கள். சோப்புத் தண்ணீர் போட்டாயா என்று யார் கேட்டாலும், நூறாவது முறையாகக் கேட்டாலும், போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். உங்கள் படிப்பை யாரும் குறைசொல்லவில்லை. கதவைத் திறக்க வேண்டியிருந்தால், யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் திறங்கள். சார் அதன்பிறகும் என்னைத்தான் அந்த மேசையில் வைத்தார்.

அன்று அழுத்தத்தை இறக்கி முடித்து வெளியே வந்தபோது வேன் எனக்காகக் காத்திருந்தது. திரும்பும்போது வழியெல்லாம் என் ஆங்கிலம்தான் பேச்சு. அத்தை, கரையில் யார் யாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று வரிசை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பி, அந்த வடக்கத்திக்காரர் கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவர்கள் ஒருபோதும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் அத்தையின் வரிசையில் ஒவ்வொரு பெயராக ஏறிக்கொண்டே போனது. தமிழில் சொன்னேன். வால்வு கசிந்தது, நான் பார்க்கவில்லை, பார்த்தபிறகும் மறைத்தேன், அவர் கொண்டுவந்த கல் வீணாகிவிட்டது. ஆங்கிலத்தில் எளிதாக வந்த சொற்கள் தமிழில் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

“அப்பம் அந்த இங்கிலீசு?” என்றார் அத்தை.

“இதத்தான் அத்த அவருட்ட இங்கிலீசுல சொன்னேன்.”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா முன்னால் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அல்லது, போகட்டும், வலை கிழிவதில்லையா என்று ஏதாவது சொல்வார் என்று. இரண்டும் இல்லை. கடற்கரை ரோட்டில் வண்டி திரும்பியபோது, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அது செரி மக்கா. தப்பு எல்லாருக்கும் வரும். நாங்க ஒண்ணும் தெரியாம உன்னப் பாத்து சிரிச்சம்லா. அப்பம் நீ எதுக்குச் சிரிச்ச?”